சூ. பீரங்கி

"உங்க பீரங்கி நல்லாச் சுடுதா?" என்று மேலிடத்திலிருந்து ஒரு லெப்டினென்ட் டெலிபோனில் கேட்டார்.

சார்ஜன்ட் நெஸ்தோரி குவோஸ்மனென் அப்போதுதான் ஒரு துண்டு கறுப்பு ரொட்டியை வாயில் போட்டிருந்தான். அதைக் கன்னத்துக்கு ஒதுக்கிக்கொண்டு பதில் சொன்னான்.

"சுடச்சுடத்தான் சார். அவசரப்பட்டா நாக்கு பொத்துப் போயிடும்."

கம்பியில் ஒரே கரகரப்பு. "என்ன போச்சு?"

"ஒண்ணும் போகலை சார். நல்லாவே சுடுது."

"அளவு?"

"நூத்தம்பது." லிட்டர் என்றும் சேர்த்துச் சொல்லத்தான் நினைத்தான். ரொட்டி தொண்டையில் அடைத்துக்கொண்டது.

மறுமுனையில் குரல் சட்டென்று மரியாதைக்கு மாறியது. பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை தடவை?" என்றது குரல்.

"ரெண்டு தடவை. பதினோரு மணிக்கு ஒண்ணு, சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஒண்ணு."

"எத்தனை பேர் கையாளறாங்க?"

"ஒரே ஆள் சார். தாஹ்வோன்னு பேரு. கூட ஒரு குதிரை."

"ஒரே ஆளா?"

"பழகின கை சார்."

"எதுவரைக்கும் எட்டும்?"

"முன்வரிசை வரைக்கும் தாராளமா எட்டும். அதைத் தாண்டினா ஆறிடும்."

"ஆறா? ஆத்தைத் தாண்டுமா?"

"ஆத்தைத் தாண்டி எதுக்கு சார்? எதிரிக்குமா நாம ஊத்தணும்?" என்று நெஸ்தோரி கேட்டபோது கம்பி செத்துப் போயிருந்தது. பாவம், மேலிடத்தில் யாரோ நம் சாப்பாட்டைப் பற்றிக்கூட அக்கறையாக விசாரிக்கிறார்களே என்று மனம் நெகிழ்ந்து மிச்ச ரொட்டியைத் தின்று முடித்தான்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பின்லாந்துப் பட்டாளத்தில் சமையல் வண்டிக்குப் பெயரே சூப்புப் பீரங்கிதான். இரண்டு சக்கரம், நடுவே அண்டா, அதன் அடியில் அடுப்பு, வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டு ஒரு புகைக்குழாய். தூரத்திலிருந்து பார்த்தால் பீரங்கி மாதிரி இருக்கிறது என்று எவனோ பசியோடு இருந்தவன் வைத்த பெயர், ஒட்டிக்கொண்டது. நாளடைவில் சூப்பையும் விட்டுவிட்டு வெறும் பீரங்கி என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். "பீரங்கி வந்தாச்சு" என்றால் எங்கள் ஆட்கள் தலையைத் தாழ்த்திக்கொள்ள மாட்டார்கள். தட்டை எடுத்துக்கொண்டு ஓடுவார்கள்.

அது 1943 கோடை. ஸ்விர் நதிக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் ரஷ்யர்கள். ஒன்றரை வருடமாக இரண்டு தரப்பும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நெஸ்தோரியின் கம்பெனி ஏப்ரலில்தான் இந்த இடத்துக்கு மாறி வந்தது. முன்பு இருந்த கம்பெனி நான்கு பொருள்களை விட்டுவிட்டுப் போயிருந்தது. ஒன்று அந்தச் சமையல் வண்டி. இரண்டாவது சவுனா என்கிற நீராவிக் குளியல் வீடு. மூன்றாவது அந்தச் சவுனாவைப் பார்த்துக்கொள்ளும் ஆப்பெலி. நான்காவது பொருள்பதிவுப் புத்தகம்.

இந்த நான்காவதுதான் நெஸ்தோரிக்குத் தலைவலி. அதை எழுதிய பழைய சார்ஜன்ட் மை வீணாகக்கூடாது என்று விரதம் எடுத்தவர் போலிருக்கிறது, எதையுமே முழுதாக எழுதியதில்லை. 'கு. 14' என்று இருந்தால் அது குதிரையா, குவளையா, குளிர்க்கோட்டா என்று கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆகும். 'ச.வ. 1' என்றிருந்ததைச் சறுக்கு வண்டி என்று முடிவு கட்டி, கொட்டகை முழுவதும் தேடிவிட்டுக் காணாமல் போனதாக எழுதினான். 'சூ. பீரங்கி 1, அளவு 150' என்பது ஒன்றுதான் பார்த்தவுடன் புரிந்தது. அண்டாவிலேயே நூற்றைம்பது லிட்டர் என்று பொறித்திருக்கிறதே. அதை அப்படியே நகல் எடுத்து மாதாமாதம் மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காலை உத்தரவு வந்தது.

'ஆற்றைத் தாண்டிச் சுடக்கூடிய 150 மில்லிமீட்டர் சூறைப் பீரங்கி ஒன்று தங்கள் கம்பெனி வசம் இருப்பது பதிவிலிருந்து தெரிய வருகிறது. எதிரியிடமிருந்து சூறையாடிய பீரங்கிகள் அனைத்தும் பீரங்கிக் கிடங்கில் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒப்படைத்து ரசீது பெறும்வரை பொறுப்பாளர் சார்ஜன்ட் குவோஸ்மனென் முகாமை விட்டு நகரக் கூடாது.'

நெஸ்தோரி அதை மூன்று முறை படித்தான். முதல் முறை சிரித்தான். இரண்டாம் முறை கடைசி வரி கண்ணில் பட்டது. மூன்றாம் முறை உட்கார்ந்துவிட்டான்.

ஏனென்றால் வெள்ளிக்கிழமை மத்தியானம் அவனுக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சொந்த ஊரான கெய்தெலேயில் கல்யாணம். அதுவும் மூன்றாவது முயற்சி. முதல் தடவை தேதி குறித்தபோது சண்டை மூண்டு எல்லாருடைய விடுமுறையும் ரத்தானது. இரண்டாம் தடவை ஊர் போய்ச் சேர்ந்தான், ஆனால் ரயிலிலேயே பொன்னுக்குவீங்கி கண்டு முகம் பூசணிக்காயாகியிருந்தது. இவர்தான் மாப்பிள்ளை என்று சத்தியம் செய்ய யாராவது முன்வந்தால் பார்க்கலாம் என்று பாதிரியார் சொல்லிவிட்டார். இந்தத் தடவை மணப்பெண் ஹில்யா கடிதம் எழுதியிருந்தாள். 'ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நான் தேவாலயத்தில் இருப்பேன். பாதிரியாரும் இருப்பார். நீங்கள் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். பால்பண்ணை மேலாளருக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லையாம்.'

அந்த மேலாளரை நெஸ்தோரிக்குத் தெரியும். நல்ல உயரம். பல்லெல்லாம் சொந்தப் பல்.

"சூப்பை விட்டுட்டு சூறையைப் புடிச்சுட்டானுங்க" என்று சமையல்காரன் தாஹ்வோவிடம் போய்ப் புலம்பினான். தாஹ்வோ வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

"என் வண்டியைக் கொண்டுபோய் சுடப் போறானுங்களா?" என்றான் தாஹ்வோ.

"கொண்டுபோனா நூத்தி நாப்பது பேருக்குச் சோறு இல்லை. கொண்டுபோகலைன்னா எனக்குக் கல்யாணம் இல்லை."

"எங்களுக்குச் சோறு முக்கியம்பா. நீ வேற பொண்ணு பாரேன்."

இந்த இடத்தில் ஆப்பெலி வந்து நின்றான். வயது நாற்பத்து நாலு, காட்டில் மரம் வெட்டியவன். ஒரு நாளைக்கு ஒரு வாக்கியம் என்று கணக்கு வைத்துப் பேசுகிறவன். அந்த ஒரு வாக்கியத்தை ஆரம்பித்து முடிப்பதற்குள் காப்பி கொதித்து ஆறிவிடும்.

"சார்ஜன்ட்," என்றான் ஆப்பெலி. தொப்பியைக் கழற்றினான். தொப்பியின் உள்பக்கத்தைப் பார்த்தான். "அந்தப் புகைபோக்கி..."

"அண்ணே, தலை போற வேலையா இருக்கு. புகைபோக்கியை அப்புறம் பார்த்துக்கலாம். துடைக்கிற பிரஷ்ஷுக்குத்தானே? எழுதிப் போடறேன்" என்று சொல்லிவிட்டு நெஸ்தோரி டெலிபோனுக்கு ஓடினான்.

"சார், அது பீரங்கி இல்லை. சூப்புப் பீரங்கி. சாப்பாட்டு வண்டி" என்று கத்தினான்.

மறுமுனையில் அதே லெப்டினென்ட். குரலில் பனிக்கட்டி. "நேத்து நல்லாச் சுடுதுன்னு சொன்னீங்களே."

"சூப்பு சுடும்னு சொன்னேன் சார்."

"போன வாரம் ஒரு கம்பெனி தன்கிட்ட இருக்கறது பீரங்கி இல்லை, மாட்டுத் தண்ணித் தொட்டின்னு சொல்லுச்சு. போய்ப் பார்த்தா தொட்டிக்குச் சக்கரமும் குழாயும் இருந்துச்சு. கையில இருக்கற பீரங்கியை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனசு வராதுதான், எனக்குப் புரியுது. ஆனா ஒளிச்சு வெச்சா ராணுவ நீதிமன்றம். வியாழக்கிழமை கிடங்குப் பொறுப்பாளர் மேஜர் பெர்க்லுண்டே நேர்ல வருவார்."

நெஸ்தோரி ரிசீவரை வைத்தான். விளக்கம் சொல்லப் போய் மேஜரை வரவழைத்ததுதான் மிச்சம்.

கம்பெனித் தலைவர் கேப்டன் ஸ்டோல்பே அமைதிக் காலத்தில் வாஸா நகரத்தில் பியானோ விற்றவர். எந்தக் கெட்ட செய்தியையும் இனிமையாகக் கேட்டுக்கொள்ளும் பழக்கம் அதனால் வந்தது. ஆனால் அன்றைக்கு அவர் முகம் ஏற்கனவே இனித்துக்கொண்டிருந்தது.

"நெஸ்தோரி, ரெஜிமென்ட் கமாண்டரே கூப்பிட்டு என்னைப் பாராட்டினார் தெரியுமா? ஆத்தைத் தாண்டிச் சுடற பீரங்கியை வெச்சுக்கிட்டு இத்தனை நாள் வாயே திறக்காம இருந்தியே, அதுதான் வீரனுக்கு அழகுன்னார்."

"நம்மகிட்ட பீரங்கியே இல்லையே ஐயா."

"அது எனக்கும் தெரியும். நன்றின்னு சொல்லிட்டேனே. வீட்டுக்கு வேற எழுதிட்டேன்."

"அப்ப இல்லைன்னு எப்பச் சொல்லப் போறீங்க?"

கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டார். "இல்லைன்னு சொல்ல முடியாது. இருந்துச்சு, போயிடுச்சுன்னு வேணும்னா சொல்லலாம். இங்க சதுப்புக்கு என்ன பஞ்சம்? இடம் மாத்தும்போது சதுப்புல மூழ்கிடுச்சுன்னு எழுது. சோகமா எழுது."

நெஸ்தோரி சோகமாகவே எழுதினான். எழுதும்போது பால்பண்ணை மேலாளரை நினைத்துக்கொண்டதால் சோகம் தானாகவே வந்தது. பைக் தூதன் கடிதத்தை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் பதில் வந்தது.

'வருத்தம் வேண்டாம். மேஜருடன் டிராக்டரும், சங்கிலியும், எட்டுப் பேரும் வருவார்கள். பீரங்கி மூழ்கிய இடத்தில் கொடி நட்டு வைக்கவும். எடுக்கும்வரை தோண்டுவார்கள். எத்தனை நாள் ஆனாலும் சார்ஜன்ட் கூடவே நிற்க வேண்டும்.'

"எத்தனை நாள் ஆனாலும்" என்று கேப்டன் உரக்கப் படித்தார். "நல்ல மனுஷங்க."

புதன்கிழமை விடிந்ததும் நெஸ்தோரி சதுப்பின் விளிம்பில் நின்று கொடி நடுவதற்கு இடம் பார்த்தான். அப்படியே உள்ளே இறங்கிவிடலாமா என்றும் ஒரு யோசனை வந்தது. அப்போதுதான் பின்னாலிருந்து உளிச் சத்தம் கேட்டது.

ஸ்விர் கரையில் எந்தப் பதுங்குகுழிக்குப் போனாலும் உளிச் சத்தம்தான். ஒன்றரை வருடமாகச் சண்டை இல்லாத பட்டாளம் என்ன செய்யும்? மரத்தைச் செதுக்கும். விளக்குத் தண்டு, நகைப்பெட்டி, வெண்ணெய்க் கிண்ணம் என்று வீட்டுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். வீடுகளில் வைக்க இடமில்லாமல் பெண்டாட்டிகள் போதும் என்று எழுதியும் நிறுத்துவதில்லை. கம்பெனியில் கைதேர்ந்தவர்கள் மட்டும் இருபது பேர் இருந்தார்கள்.

நெஸ்தோரி அந்த இருபது பேரையும் கூட்டினான்.

"எனக்கு ஒரு பீரங்கி வேணும்."

"எந்த மரத்துல?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஒரு பெரிய பைன் மரம் சாய்ந்தது. பட்டையை உரித்து, இழைத்து, வாய்ப் பக்கம் ஒரு முழம் ஆழத்துக்குக் குடைந்தார்கள். குதிரை வண்டியின் சக்கரங்கள் வந்து சேர்ந்தன. தாரில் கரியைக் குழைத்துப் பூசினார்கள். ஒருவன் பழக்க தோஷத்தில் பீரங்கி வாயைச் சுற்றி ரோஜாப்பூக் கொடி செதுக்கிவிட்டான். அதை இழைத்து எடுக்கச் சொன்னதற்கு அன்று முழுவதும் யாரோடும் பேசவில்லை.

நடுவில் ஆப்பெலி வந்து, பைன் மரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"சார்ஜன்ட், நீங்க எதுக்குக் கஷ்டப்பட்டு... அந்தப் புகைபோக்கிதான்..."

"ஆப்பெலி அண்ணே, உங்க கால்ல விழறேன். நாளைக்கு மேஜர் வர்றார். அவருக்கு சவுனா சூடா இருக்கணும். நீங்க அதைப் பாருங்க, நான் இதைப் பாக்கறேன்."

ஆப்பெலி தொப்பியைப் போட்டுக்கொண்டு போனான். அவன் ஒதுக்கீடு தீர்ந்துவிட்டது.

'பீரங்கியைச் சதுப்பிலிருந்து நாங்களே எடுத்துவிட்டோம்' என்று மேலிடத்துக்குச் செய்தி போனது. பீரங்கியைச் சதுப்புக்கு அந்தப் பக்கம் இருநூறு அடி தள்ளி, ஒரு மேட்டில் நிறுத்தி, வலையும் பிர்ச் மரக் கிளைகளும் போட்டு மூடினார்கள். நடுவில் இருந்த பலகைப் பாலத்தை எடுத்துவிட்டார்கள். மேஜர் இங்கிருந்தே பைனாகுலரில் பார்ப்பார், சனி ஞாயிறு பாலம் போட்டு அனுப்பிவைக்கிறோம் என்று கேப்டன் சொல்வார், மேஜர் ரசீது தருவார். திட்டத்தில் ஓட்டையே இல்லை என்று கேப்டன் சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து நெஸ்தோரி ஓட்டையைத் தேட ஆரம்பித்தான்.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு மேஜர் வந்தார். அவருடைய லாரி விறகில் ஓடுகிற லாரி. பெட்ரோல் கிடைக்காத காலத்தில் எங்கள் ஊரில் லாரிக்கும் பக்கவாட்டில் அடுப்புக் கட்டியிருந்தோம். பின்னாலேயே டிராக்டர், எட்டுப் பேர், சங்கிலி. மேஜர் பெர்க்லுண்ட் ஒல்லியாக, களைப்பாக, கண்ணைச் சுற்றிக் கருவளையத்தோடு இருந்தார்.

"பீரங்கி எங்கே?"

"அதோ அங்கே" என்று கேப்டன் கையை நீட்டினார். "கிட்டப் போக வழியில்லை. இங்கிருந்தே அழகாத் தெரியும்."

மேஜர் பைனாகுலரைக் கண்ணில் வைத்தார். பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நல்ல நீளம்" என்றார் மேஜர்.

"ஆமாங்க ஐயா."

"பராமரிப்பும் நல்லா இருக்கு."

"தினமும் துடைக்கிறோம் ஐயா."

அப்போது காட்டுக்குள்ளிருந்து ஒரு மரங்கொத்தி பறந்து வந்தது. காக்கை அளவு கருப்புப் பறவை, தலையில் சிவப்புத் தொப்பி. வலையின் ஓட்டை வழியாக நுழைந்து பீரங்கிக் குழாயின் மேல் உட்கார்ந்தது. இரண்டு பக்கமும் பார்த்தது. பிறகு டொக் டொக் டொக் என்று கொத்த ஆரம்பித்தது. சத்தம் சதுப்பைத் தாண்டித் தெளிவாகக் கேட்டது. கொத்தக் கொத்த வெள்ளைச் சிராய்கள் பறந்தன.

மேஜர் பைனாகுலரை இறக்கவில்லை.

"சார்ஜன்ட்."

"ஐயா."

"உங்க பீரங்கியில புழு இருக்கா?"

கேப்டன் மெதுவாக மேகங்களைப் பார்க்கத் தொடங்கினார். நெஸ்தோரிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மடை திறந்த மாதிரி எல்லாவற்றையும் கொட்டினான். டெலிபோன், தொண்டையில் சிக்கிய ரொட்டி, நூற்றைம்பது லிட்டர், சதுப்பு, பைன் மரம், கடைசியாகக் கெய்தெலே தேவாலயம், பொன்னுக்குவீங்கி, பால்பண்ணை மேலாளர் வரைக்கும் ஒன்று பாக்கியில்லை.

மேஜர் பைனாகுலரை உறையில் போட்டார். பிறகு, "அந்தச் சூப்புப் பீரங்கியைக் காட்டு" என்றார்.

வியாழக்கிழமை என்றால் பட்டாணிச் சூப்பு. நாட்டில் குண்டு விழுந்தாலும் அது மாறாது. தாஹ்வோ பன்றிக்கறித் துண்டுகளாகப் பார்த்து எடுத்து ஒரு தட்டு நிறைய ஊற்றினான். மேஜரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் கொஞ்சம் அவர் பூட்ஸிலும் ஊற்றினான். மேஜர் நின்றபடியே சாப்பிட்டார். இன்னொரு தட்டு வாங்கினார். அண்டாவில் பொறித்திருந்த நூற்றைம்பதைப் பார்த்தார். தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறார் என்றுதான் நெஸ்தோரி முதலில் நினைத்தான். சிரிக்கிறார் என்று தெரிய நேரம் பிடித்தது, மனிதர் அந்த வழக்கத்தையே விட்டுவிட்டிருந்தார் போலும்.

"மூணு வாரமா அலையறேன்யா" என்றார். "பதினோரு கம்பெனி. ஒரு இடத்துல சூறைப் பீரங்கின்னு ஒரு படகைக் காட்டினாங்க. இன்னொரு இடத்துல நிஜப் பீரங்கியை மாட்டுத் தொட்டின்னு காட்டினாங்க. எல்லாரும் இருக்கறதை இல்லைன்னு ஒளிப்பாங்க. இல்லாததை ராப்பகலா உக்காந்து செஞ்சு குடுத்தது நீ ஒருத்தன்தான்."

"மன்னிக்கணும் ஐயா."

"மன்னிப்பா? எதிரி விமானத்தை ஏமாத்தப் போலிப் பீரங்கி வேணும்னு மூணு மாசமா எழுதிக்கிட்டிருக்கேன், ஒருத்தன் அனுப்பலை. எங்க கிடங்குல செய்யறது தெருவிளக்குக் கம்பம் மாதிரி இருக்கு. உன்னோடது மரங்கொத்தி வந்து உக்கார்ற வரைக்கும் என்னையே ஏமாத்திடுச்சு. கொண்டு வாங்க அதை."

டிராக்டர் தேவைப்படவில்லை. பலகைப் பாலத்தைத் திரும்பப் போட்டதும் நான்கு பேர் போய் நூற்றைம்பது மில்லிமீட்டர் பீரங்கியை ஆட்டுக்குட்டியை ஓட்டி வருவது போல ஓட்டி வந்தார்கள். மேஜர் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். அங்கே, எல்லா நகைப்பெட்டியிலும் வெண்ணெய்க் கிண்ணத்திலும் பொறிப்பது போலவே, 'ஸ்விர் நதியிலிருந்து அன்புடன், 1943' என்று பொறித்திருந்தது. ரோஜாப்பூக்காரனின் வேலைதான். மேஜர் மறுபடியும் குலுங்கினார்.

அங்கேயே, தாஹ்வோவின் கிழங்குப் பெட்டி மேல் காகிதத்தை வைத்து ரசீது எழுதினார். 'சூ. பீரங்கி ஒன்று, அளவு 150, பெற்றுக்கொண்டேன். கம்பெனியின் பதிவிலிருந்து நீக்கவும்.'

"சூ.ன்னே போட்டிருக்கேன். யாரு எப்படி வேணும்னாலும் படிச்சுக்கட்டும்" என்றார். "ஞாயித்துக்கிழமை போய்க் கல்யாணம் பண்ணிக்க. அந்தப் பால்பண்ணை ஆள் முழிக்கற முழியை எனக்கு எழுதிப் போடு."

மூன்று நாளாக நெஸ்தோரியின் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பீரங்கி இறங்கிப் போயிற்று. ரசீதை நான்காக மடித்து, ஹில்யாவின் கடிதத்துக்குள் வைத்து, சட்டைப்பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினான். கேப்டன் மேகங்களிலிருந்து இறங்கி வந்து, திட்டத்தில் ஓட்டை இல்லை என்று தான் முன்னாலேயே சொன்னதை எல்லாருக்கும் நினைவூட்டினார்.

வந்த விருந்தாளியைச் சவுனாவில் உட்கார வைக்காமல் அனுப்புகிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. மத்தியானம் மூன்று மணிக்கு மேஜரும் கேப்டனும் நெஸ்தோரியும் துணியைக் கழற்றிவிட்டு மேல் பலகையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆப்பெலி அடுப்பில் காய்ந்த கல்லின் மேல் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினான். ஆவி எழுந்து காதைச் சுட்டது.

"அப்பாடா" என்றார் மேஜர். கருவளையமெல்லாம் கரைந்து போயிருந்தது. "இவ்வளவு அருமையா இழுக்கற அடுப்பை நான் பார்த்ததே இல்லை. கண்ணுல பொட்டுப் புகை இல்லையே. என்ன புகைபோக்கி இது?"

மூலையில் அடுப்பிலிருந்து கூரைக்கு ஏறிய அந்தப் பருத்த புகைபோக்கியை எல்லாரும் பார்த்தார்கள். களிமண் பூசி, சுண்ணாம்பு அடித்து, தடியாக, உறுதியாக நின்றது.

ஆப்பெலியின் முகம் மலர்ந்தது. கரண்டியைக் கீழே வைத்தான். "அதுங்களா," என்று ஆரம்பித்தான். "அதைத்தான் நானும் சார்ஜன்ட்கிட்ட..."

"பிரஷ்ஷு வந்துடும் அண்ணே" என்றான் நெஸ்தோரி அவசரமாக. மேஜரின் காதில் கம்பெனியின் குறை எதுவும் விழக்கூடாது என்பது அவன் கவலை. "இன்னொரு கரண்டி ஊத்துங்க."

ஆப்பெலி பெருமூச்சு விட்டு இன்னொரு கரண்டி ஊற்றினான். மேஜர் புகைபோக்கியை ஒட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணை மூடினார். ஐந்து மணிக்கு மரப் பீரங்கியை டிராக்டரின் பின்னால் கட்டிக்கொண்டு, சீட்டியடித்தபடி புறப்பட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணி. ரயிலடிக்குப் போகிற விறகு லாரி உறுமிக்கொண்டு நின்றது. தாஹ்வோ வழிச்சாப்பாடு கட்டிக் கொடுத்தான். இருபது தச்சர்களும் சேர்ந்து ஒரு தொட்டில் செய்து ஏற்றினார்கள். அவசரம் வேண்டாம், ஆனால் நேரம் கடத்தவும் வேண்டாம் என்று கேப்டன் அறிவுரை சொன்னார். நெஸ்தோரி பையைத் தொட்டுப் பார்த்தான். கடிதம் இருந்தது, அதற்குள் ரசீது இருந்தது. இரண்டு நாளில் ஹில்யாவின் பக்கத்தில் நிற்கப் போகிறான், இந்தத் தடவை அவன் முகமும் அவனுடையதாகவே இருக்கிறது. சிரிப்பை அடக்க முடியவில்லை. லாரியில் ஏறி உட்கார்ந்தான்.

ஆப்பெலி மெதுவாக நடந்து வந்தான். கையில் புதிதாகக் கட்டிய பிர்ச் இலைக் கொத்து, மாப்பிள்ளை சவுனாவில் உடம்பைத் தட்டிக்கொள்ள. அதை நீட்டிவிட்டு, தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான்.

"சொல்லுங்க அண்ணே" என்றான் நெஸ்தோரி. இன்றைக்கு உலகத்தில் யார் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்ள அவனுக்குத் தெம்பு இருந்தது. "நாலு நாளா உங்க பேச்சைக் கேக்காமலே விட்டுட்டேன். புகைபோக்கிக்கு என்ன?"

லாரி மெல்ல நகரத் தொடங்கியது. ஆப்பெலி அதன் வேகத்துக்கு ஈடாகப் பக்கத்திலேயே நடந்துகொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நிறுத்தாமல் பேசி முடித்தான்.

"ஒண்ணுமில்லை சார்ஜன்ட், மேஜர்தான் ரசீது குடுத்துட்டாரே, இனிமே சவுனாவைப் பிரிச்சு அந்தக் குழாயைக் கழட்ட வேண்டாம்ல, பழைய சார்ஜன்ட் புத்தகத்துல சூறைப் பீரங்கின்னு எழுதி வெச்சது அந்தப் புகைபோக்கியைத்தானே?"